டப்பாவில் ஒரு ரோஜா நிறத் தட்டான்

சேசு மரி சூசை துணை

சூரமங்கலம், 9-10-1958

அன்புள்ள மகன் கிறிஸ்துராஜுக்கு அம்மா எழுதுவது. மாதா புண்ணியத்தில் இங்கே எல்லாரும் சுகம், உன் அப்பாவின் புத்தி ஒன்றைத் தவிர. கல்கத்தாவில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

உன் தங்கை மரியபுஷ்பத்துக்கு வரன் வந்திருக்கிறது, எப்போது வருவாய் என்று கேட்டுக் கேட்டு எழுதினேன். நீயோ அப்பாவுக்குப் பதில் போடுகிறாய், அதுவும் தட்டானைப் பற்றி. உடம்பு ரோஜா நிறம், இறக்கை அடியில் மஞ்சள் கறை, நம் சேலத்துப் பக்கம் உண்டா என்று யாரும் எழுதி வைக்கவில்லை, பார்த்துச் சொல்லுங்கள் என்று. ரயில்வேயில் ரிட்டையரான மனுஷனுக்கு இது போதாதா, என் பூசை முக்காட்டைக் கம்பியில் கட்டி வலையாக்கிக்கொண்டு ஏரியே கதி என்று கிடக்கிறார். முதலில் பிடித்து வந்தது மஞ்சளாக இருந்தது, இது வேறு என்று நான்தான் பறக்கவிட்டேன். பிறகு எழுதுகிறாய், அதுதான் பெட்டை, இரண்டும் ஒரே இனம் என்று. முன்பே சொன்னால் என்ன?

போன ஞாயிறு செவ்வாய்ப்பேட்டை மளிகைக்கடை பாக்கியநாதன் குடும்பத்தோடு பெண் பார்க்க வந்தார். மகன் பெரிய ஆராய்ச்சியில் இருக்கிறான் என்று நான் சொல்லி வாய் மூடவில்லை, முழங்கால் வரை சேற்றோடு உன் அப்பா வந்து, கிடைத்துவிட்டது என்று முக்காட்டைப் பிரித்துக் காட்டுகிறார். ஏனுங்க, தட்டான் புடிக்கவா பையன் கல்கத்தா போயிருக்கான் என்று பாக்கியநாதன் கேட்க, உன் தங்கை சிரித்துவிட்டாள். எனக்கு உயிரே போய்விட்டது. நல்லவேளை, மாப்பிள்ளைப் பையனும் சிரித்தான்.

சம்மதம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஆனால் அண்ணன்காரன் வந்து நின்றால்தான் உறுதி பேசுவார்களாம், அதற்குப் பிறகுதான் கோவிலில் பூசை நேரத்தில் கல்யாண ஓலை வாசிக்க முடியும். நீ வராவிட்டால் இந்தச் சம்பந்தம் நிலைக்காது.

அந்தத் தட்டானைப் பவுடர் டப்பாவில் போட்டு உனக்குத் தபாலில் அனுப்பக் கிளம்பினார். பிடுங்கி மாதா சுரூபத்துக்குப் பின்னால் வைத்துவிட்டேன். அனுப்பமாட்டேன், வேண்டுமென்றால் நீயே வந்து எடுத்துக்கொள். வரும்போது எனக்கு ஒரு முக்காடு வாங்கி வா, மறக்காதே. உன்னைப் பார்த்து இரண்டு வருஷமாகிறது, சாமி. கோபம் பாதி அதனால்தான்.

எறும்பு ஏறாமல் டப்பாவில் கற்பூரம் போட்டிருக்கிறேன். ஆனால் ரோஜா நிறம் இப்போதே மங்குகிறது. சீக்கிரம் வா.

ஆண்டவர் உன்னைக் காப்பாராக.

உன் அம்மா,
தெரசம்மாள்