கோயில் ஸ்டாப், தொட்டி ஸ்டாப்

ஜூலை 7, திங்கள்

காற்று. காரிமங்கலம் பஸ் ஸ்டாண்டிலிருந்து பள்ளிக்கு வருவதற்குள் காலர் செம்மண் நிறம். சட்டை துவைக்க வேண்டும். ஷேவிங் பிளேடு வாங்க வேண்டும்.

மெக்கானிக்கல் முடித்தவனுக்கு வரலாறு. சமூக அறிவியல் டீச்சர் பிரசவத்துக்குப் போய்விட்டார். கரஸ்பாண்டென்டுக்கு ஆள் கிடைக்கவில்லை, எனக்கு வேலை கிடைக்கவில்லை. பொருந்திவிட்டது.

பத்தாம் வகுப்பு. காரணங்கள் ஐந்து, விளைவுகள் ஐந்து, ஒப்பிக்கிறார்கள். டேப் ரெக்கார்டர்கள். பிரிவினை என்றால் என்ன என்று கேட்டேன். திவாகர் சொன்னான்: “அஞ்சு மார்க் சார்.” வகுப்பே சிரித்தது. எனக்கு எரிச்சல். பதில் சரிதான் என்பதால் கூடுதல் எரிச்சல்.

யோசனைகள்:
– 1947 செய்தித்தாள் தயாரிக்க வைப்பது. (கைடைப் பார்த்து எழுதுவார்கள்.)
– வீட்டுப் பெரியவர்களிடம் பேட்டி. (உட்கார்ந்து பொய் எழுதி வருவார்கள்.)
– கோர்ட் விசாரணை. (ஜட்ஜ் வேடத்துக்கு அடிதடி.)
– வகுப்பையே இரண்டு நாடாக வெட்டுவது. சொத்துப் பங்கீடு, எல்லை, அகதி எல்லாம் நாற்பது நிமிடத்தில்.

நான்காவதுதான். பாடப்புத்தக வரிசையில் இது பின்னால் வருகிறது. வரட்டும்.

எதை வைத்துப் பிரிப்பது? ரோல் நம்பர் சலிப்பு. ஆண், பெண் என்றால் கேலியாகிவிடும். பத்தாம் வகுப்பு மொத்தமும் ஒரே ஊர், ஒரே வேன். ஊரில் வேன் இரண்டு இடத்தில் நிற்கும். கோயில் ஸ்டாப், தொட்டி ஸ்டாப். ஏறக்குறைய பாதிப் பாதி. முடிந்தது.


ஜூலை 8, செவ்வாய்

வகுப்பு நடுவில் சாக்பீஸ் கோடு. கரும்பலகையிலிருந்து பின் சுவர் வரை. கோயில் ஸ்டாப்பில் ஏறுகிறவர்கள் வலப்பக்கம், தொட்டி ஸ்டாப் இடப்பக்கம் என்றேன். இவ்வளவு வேகமாக இந்தப் பிள்ளைகள் எதையும் செய்து பார்த்ததில்லை. ஒருவரும் சந்தேகம் கேட்கவில்லை.

பாதியில்தான் உறைத்தது. தண்ணீர்த் தொட்டி இருப்பது காலனியில். ஊர் வலப்பக்கம், காலனி இடப்பக்கம். நான் அரூர்க்காரன், தெரியாதவன் இல்லை. என் புத்தி முழுக்க இரண்டு பாதியும் சமமாக வருகிறதா என்பதில் இருந்தது. கோட்டை அழித்திருக்கலாம். அழிக்கவில்லை. வகுப்பு விழித்திருந்தது, அதுதான் காரணம். பிள்ளைகள் முன்னால் சாய்ந்து உட்கார்ந்து நான் இப்போதுதான் பார்க்கிறேன்.

பங்கீடு. மட்டை, பந்து, நூலக அலமாரி, வெள்ளிக்கிழமை பி.டி. பீரியட். எந்த நாட்டில் தலை அதிகமோ அந்த நாட்டுக்கு பி.டி. பீரியட் என்று விதி போட்டேன். என் விதி. எண்ணினார்கள். சரிசமம்.

அப்போது திவாகர் எழுந்தான். அவன் தொட்டிப் பக்கம்.

“சார், கௌசல்யா எங்க ஆளு. வேனுக்கு மட்டுந்தான் கோயில் ஸ்டாப். வூடு தொட்டிகிட்ட.”

கௌசல்யா வலப்பக்கம் இரண்டாவது பெஞ்ச், ஹரிணி பக்கத்தில். போன வருடத்திலிருந்து இருவரும் ஒரே பெஞ்ச், ஒரே டிபன் பாக்ஸ். அதிகம் பேசாத பெண், நன்றாக எழுதுவாள். குனிந்து பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

எல்லைக் கமிஷன் விசாரிக்கட்டும் என்று நான் சொன்னேன். நாடகம் சூடு பிடிக்கிறது என்று உள்ளுக்குள் சந்தோஷம். அப்படியே எழுதுகிறேன். வூடு எங்கே என்று கேட்டேன். மூடியைத் திருகிக்கொண்டே இருந்தாள். இரண்டாம் முறை கேட்டேன். 1947இல் மௌனமாக நின்றவர்களையும் கோடு விடவில்லை என்று ஒரு வசனம் வேறு பேசினேன்.

பையை எடுத்துக்கொண்டு கோட்டைத் தாண்டினாள். தொட்டிப் பக்கம் கைதட்டல், பி.டி. பீரியட் அவர்களுக்கு. கோயில் பக்கம் ஒருவன் “போ, போ, உன் நாட்டுக்கு” என்றான். அதற்கும் சிரிப்பு.

மணி அடித்தது. நல்ல வகுப்பு என்று நினைத்துக்கொண்டு ஸ்டாஃப் ரூமுக்குப் போனேன்.


ஜூலை 9, புதன்

கௌசல்யா வரவில்லை.

மதியம் குழாயடியில் ஹரிணி, இருவரும் சாப்பிடும் அந்த டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டிருந்தாள். இன்னும் சாப்பிடவில்லை, காலிப் பாக்ஸ். சோறு வேறு புது டப்பாவில். எதற்கு என்று கேட்டேன். அம்மா சொன்னது என்றாள். கௌசல்யா வீடு எங்கே என்று உனக்கு முன்பே தெரியாதா என்றேன்.

“தெரியும் சார். எங்கம்மாவுக்கும் தெரியும். இப்ப எல்லாருக்கும் முன்னாடி சொல்லிட்டாங்கல்ல.”

அழவில்லை. தேய்த்துக்கொண்டே சொன்னாள். சோப்பு நுரை முழங்கை வரை.

ஊரில் அடுத்த வீட்டுக் கோழி எத்தனை முட்டை இட்டது என்பது வரை தெரியும், இது தெரியாதா? தெரிந்தும் யாரும் வாயைத் திறக்கவில்லை. அதனால் ஓடிக்கொண்டிருந்தது. வாயைத் திறக்க வைத்தவன் நான். பரிசாக ஒரு பி.டி. பீரியட்.

பிளேடு வாங்கவில்லை.


ஜூலை 10, வியாழன்

கௌசல்யாவின் அம்மா வந்தார். மாம்பழக்கூழ் கம்பெனியில் வேலை, சீசன் நேரம், அரை நாள் விட்டுவிட்டு வந்திருக்கிறார். விரல்களில் மஞ்சள் கறை. நாற்காலியைக் காட்டினேன், உட்காரவில்லை. அது பாடம்தானுங்க, விளையாட்டு மாதிரி என்று ஆரம்பித்தேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அவர் சத்தம் போடவில்லை. வேன்காரரிடம் சொல்லி மகளைக் கோயில் ஸ்டாப்பில் ஏற்றி இறக்க வைத்தது தான்தான் என்றார். வேனில் ஹரிணியோடு உட்காரட்டும், நாலு வார்த்தை பேசிப் பழகட்டும் என்று. மழையிலும் அவ்வளவு தூரம் நடந்துதான் வீடு வருமாம்.

“ரெண்டு வருசமா நடந்து சம்பாதிச்ச சிநேகிதங்க சார் அது. நீங்க ஒரு பீரியட்ல முடிச்சிட்டீங்க.”

மன்னிப்பு கேட்க வாயெடுத்தேன். பக்கத்து மேஜையில் கணக்கு டீச்சர் செல்வி பேப்பர் திருத்துவதுபோல் காது கொடுத்திருந்தார். கேட்கவில்லை. கௌசல்யாவை நாளைக்கு அனுப்புங்க, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். என்னத்தைப் பார்ப்பேன் என்று அவரும் கேட்கவில்லை.

கரஸ்பாண்டென்ட் கூப்பிட்டுப் பாராட்டினார். வீட்டில் அவர் பேத்தி அந்த வகுப்பைப் பற்றியே பேசுகிறாளாம். ஆண்டு விழாவில் மேடையில் செய்யலாமா என்றார். பார்க்கலாம் சார் என்று வந்துவிட்டேன்.


ஜூலை 11, வெள்ளி

கௌசல்யா வந்தாள். தொட்டி ஸ்டாப்பில் ஏறி.

சாக்பீஸ் கோட்டை ஆயாம்மா அன்றைக்கே கூட்டித் தள்ளிவிட்டார். தரையில் ஒன்றுமில்லை. பிள்ளைகள் அப்படியே உட்கார்ந்திருக்கிறார்கள், நடுவில் ஒரு ஆள் நடக்கும் இடைவெளி விட்டு. அந்த இடைவெளியில்தான் நான் பாடம் நடத்திக்கொண்டு நடக்கிறேன் என்பது இன்றுதான் கண்ணில் பட்டது.

விளையாட்டு முடிந்தது, எல்லோரும் பழைய இடத்துக்குப் போங்கள் என்றேன். கௌசல்யா எழுந்தாள். பழைய பெஞ்சுக்குத்தான் போகிறாள் என்று நினைத்தேன். நின்ற இடத்திலேயே நின்றாள்.

“சார், நீங்க எந்த நாடு?”

நான் டீச்சர், இரண்டுக்கும் பொது என்றேன். உடனே சொன்னேன், யோசிக்காமல்.

“அப்படி ஒரு எடம் இருக்குன்னு அன்னைக்கு நீங்க சொல்லவேயில்லியே சார். நானும் அங்கயே நின்னிருப்பேன்.”

ஒருவரும் சிரிக்கவில்லை. ஹரிணி புத்தகத்தைப் பிரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டாள். நான் என்ன செய்தேன்? “உட்காரு, பாடத்தைப் பார்ப்போம்” என்றேன். அதைத்தான் சொன்னேன். அவள் உட்காரவில்லை. மணி அடிக்கும் வரை நின்றாள். முதல் உலகப்போரின் காரணங்கள் ஐந்தையும் போர்டில் எழுதிப் போட்டேன். எல்லோரும் பார்த்து எழுதினார்கள்.

பி.டி. பீரியட். தொட்டிப் பக்கம் மைதானத்தில். திவாகர் மட்டும் விளையாடாமல் மட்டையை மடியில் வைத்துக்கொண்டு வேப்பமரத்தடியில். பேசப் போனேன், எழுந்து போய்விட்டான்.


ஜூலை 14, திங்கள்

கௌசல்யாவுக்கு டி.சி. கொடுத்தாகிவிட்டது. தருமபுரியில் சித்தி வீட்டில் தங்கி அரசுப் பள்ளியில் படிக்கப்போகிறாளாம். அம்மா மட்டும் வந்து வாங்கிக்கொண்டு போனார். ஸ்டாஃப் ரூம் ஜன்னலில் இருந்து பார்த்தேன். வெளியே போய் இரண்டு வார்த்தை பேசியிருக்கலாம். காலி டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

பத்தாம் வகுப்பில் நானே பெயர் சொல்லி ஒவ்வொருவராக இடம் மாற்றினேன். ஊர், காலனி, ஊர், காலனி. மாற்றும்போதுதான் புரிந்தது, யார் எந்தப் பக்கம் என்பது இப்போது எனக்கும் மனப்பாடம். ஹரிணி பக்கத்தில் திவாகர். இருவரும் நடுவில் பையை வைத்துக்கொண்டார்கள்.

செல்வி டீச்சர் அடுத்த பீரியடுக்கு வாசலில் காத்திருந்தார். எதற்கு சார் மாத்தறீங்க என்றார். “அப்டியே உக்காரட்டுமே. ரெண்டு பக்கமும் போட்டி போட்டுப் படிக்குதுங்க. என் பீரியட்ல சத்தமே இல்ல.”

என் பீரியடில் இப்படித்தான் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். வராந்தா முனை தாண்டவில்லை, பின்னால் பெஞ்சுகள் இரண்டு பக்கமும் இழுபடும் சத்தம். இழுத்து முடித்துவிட்டு, டீச்சருக்கு எல்லோரும் சேர்ந்து ஒரே குரலில் குட்மார்னிங் சொன்னார்கள்.