பனியில் கிடந்த கல்

ஐப்பசி 4, செவ்வாய்

தூறல். துணி காயவில்லை. கல்லுக்கு எண்ணெய், பால் ஊற்றினேன்.

கருமாதிக்குக் கல் நிறுத்த வேண்டும் என்றதும் கொழுந்தன் அலமாரியில் இருந்த என் வீட்டுக்காரருடைய கறுப்புக் கல்லையே எடுத்து நட்டுவிட்டார். அழுதுகொண்டிருந்தேன், கவனிக்கவில்லை. கருமாதியன்று அது கிள்ளான் ஆற்றோடு போய்விடும்.

அவர் திமிங்கில வேட்டைக் கப்பலில் அடுப்புக்குக் கரி அள்ளிப் போட்டவர். தெற்கே பனிக்கட்டி மேல் நடந்தபோது இந்தக் கல்லை எடுத்தாராம். "சுத்தி எங்க பார்த்தாலும் பனிதான் புள்ள. மலை இல்ல, மண்ணு இல்ல. மேலேருந்து விழாம எப்படி வரும்?" கொழுந்தன் சிரிப்பார்: "அண்ணன் அள்ளுன கரியில மிஞ்சுன கசடு." எங்கள் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் எல்லாருக்கும் அவர் புளுகர்தான். அப்படியே போய்ச் சேர்ந்தார்.

ஐப்பசி 6, வியாழன்

வெயில். பக்கத்து வீட்டு அந்தோணி, மியூசியத்தில் கணக்கு எழுதும் கிராணி. "கல்லக் கொண்டாங்கக்கா. எங்க வெள்ளைக்காரத் துரை கல்லுப் படிப்பு படிச்சவரு."

நட்ட கல்லைப் பிடுங்கினேன். ஓரகத்தி வாயில் அடித்துக்கொண்டாள். "தாலி கழட்டி நாளாவல, தெருவுல எறங்குறீங்களே! அது கல்லாக்கா? அதுல பெரிய மாமா இருக்காரு!"

"அவரையும்தான் கூட்டிட்டுப் போறேன்."

மியூசியத்தில் துரை கல்லை முதலில் முகர்ந்து பார்த்தார். நல்லெண்ணெய். அந்தோணி சிரிப்பை அடக்கினார். காந்தம் ஒட்டியது. ஆனால் கரிக்கசடிலும் இரும்பு இருக்குமாம். ஒரு மூலையை அறுத்தால்தான் தெரியும். அறுக்கலாமா?

அறுக்கச் சொன்னேன்.

ஐப்பசி 8, சனி

ரசத்தில் உப்பு மறந்தேன். கல் நட்டிருந்த குழியில் இப்போது விளக்கு மட்டும். துரை கசடென்று சொல்லிவிட்டால்?

ஐப்பசி 10, திங்கள்

பெருமழை. கல்லை வாங்கிவரக் கொழுந்தனும் கூடவே வந்தார்.

அறுத்த பக்கம் வழவழப்பு, சாம்பல் நிறம். உள்ளே கேழ்வரகு போல உருண்டை உருண்டை. நடுவே வெள்ளிப் பொட்டுகள். துரை பேசப் பேச அந்தோணி தமிழில் சொன்னார்.

"கசடுன்னா உள்ள குமிழி இருக்கும்க்கா. இதுல ஒண்ணுகூட இல்ல. இந்த உருண்டை பூமிக் கல்லுல கெடையாதாம். வானத்துலேருந்து விழறதுல இரும்பு ஜாதி, கல்லு ஜாதி, ரெண்டும் கலந்த ஜாதி. இது கல்லு ஜாதி. மேல இருக்க கறுப்பு, விழும்போது வெந்த தோலு."

கொழுந்தன் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "அறுத்த துண்டை ஆத்துல விடுவோம் அண்ணி. பெருசு இங்கயே இருக்கட்டும். நாலு பேரு வந்து பாக்கட்டும் லா."

சந்தோஷத்தில் அழுகை வந்தது.

கல்லோடு வைக்கும் சீட்டில் எழுதக் கண்டெடுத்தவர் பெயர் கேட்டார் துரை. அந்தோணிக்குத் தெரியாது, அவரைக் கப்பல்காரர் என்றே பழக்கம். கழுத்தில் தாலி ஏறியதிலிருந்து என் வாய் சொல்லாத பெயர். கொழுந்தன் வாயைத் திறந்தார். நான் முந்திக்கொண்டேன்.

"மாரிமுத்து" என்றேன். துரைக்குச் சரியாகக் கேட்கவில்லையோ என்று இன்னொரு தரமும் சொன்னேன்.