வாசலில் திரும்பாத இறக்கை

அமலம்,

காலை ஐந்தரை. முதல் பெர்ரிக் கப்பலில் நம் விமானத்தை ஏற்றிக்கொண்டு அக்கரையில் பட்டர்வொர்த் போகிறோம், நானும் உன் தம்பி பால்ராஜும். இன்று பறந்து பார்ப்பேன்.

கூடத்தில் வைத்துச் செய்த இறக்கை வாசலில் திரும்பவில்லை. இரு முனையிலும் ஒரு முழம் அறுத்துவிட்டேன். நேற்று நீ வாசல் நிலையைப் பெயர்க்கச் சொன்னாய். வாடகை வீடு என்று கத்தினேன். மனதில் வைத்துக்கொள்ளாதே.

அறுத்த துண்டுகள் அடுப்படியில் இருக்கின்றன. நல்ல மரம், எரித்துவிடாதே. வீட்டுக்காரர் வந்தால் நிலையில் ஒரு கீறல்கூட இல்லை என்று காட்டு. சாவி மாதா படத்துக்குப் பின்னால். இரவுக்கு மீன் வாங்கி வை.

பி.கு. பால்ராஜ் விமானம் ஏற்றிய வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டு கேட்டதையே கேட்கிறான்: “அத்தான், வாசல் தப்பிச்சிருச்சிலா. இவ்வளவு வெட்டின பிறகு இது ஆளத் தூக்குமா?”