பெயர் எழுதாத நான்கு சாட்சிகள்

அக்டோபர் 17, வியாழன்

செத்துக்கொண்டிருந்த ஒருவனுக்கு யாரோ கையில் தண்ணீர் மொண்டு கொடுத்ததை, அப்போது பிறந்தே இராத ஒரு குழந்தை எப்படிச் சொல்கிறது? எனக்கு விடை தெரியாது. என் புத்தகத்தில் அதைக் 'கற்பனை' என்று எழுதி அச்சுக்கு அனுப்பிவிட்டேன். மதுரையிலிருந்து ப்ரூஃப் வரவேண்டிய நாள் இன்று. வரவில்லை.

விடியற்காலையிலிருந்து தூறல். எங்கள் பெண்கள் பள்ளியில் மூன்றாம் வகுப்பு ஓடு ஒழுகுகிறது. பிள்ளைகள் சிலேட்டோடு வராண்டாவில். எனக்குப் பல்வலி, கிராம்புக்குக் கட்டுப்படவில்லை.

மனம் சரியில்லை. நடந்ததை வரிசையாக எழுதிப் பார்த்தால் தெளியும்.

எட்டு வருடம் முன்பு, தேவாரம் பக்கத்து மலையடி ஊர் ஒன்றில், சாதியையே குற்றவாளி என்று பதிவு செய்யும் ரேகைச் சட்டப்படி கைரேகை கொடுக்க ஆண்கள் மறுத்தார்கள். போலீஸ் சுட்டது. விருமன் என்பவன் செத்தான். சர்க்கார் அறிக்கை: வானத்தைப் பார்த்துத்தான் சுட்டோம், ஓடியவன் கிணற்றில் விழுந்தான். அப்புறம் எல்லோரும் ரேகை கொடுத்தார்கள்.

அதே ஊரில் பேச்சி என்று ஒரு சிறுமி, ஏழு வயது. "நாந்தேன் விருமன். கண்மாய்க் கரையில என்னய முதுகுல சுட்டாக" என்கிறாள். மதுரைப் பென்ஷன்காரர் ஒருவர் இதை மறுபிறவிக்கு அத்தாட்சி என்று புத்தகமாகப் போட்டார். சர்க்கார் பறிமுதல் செய்தது. ஆத்மா போய்வருவதைப் பற்றி அதற்குக் கவலையில்லை. முதுகில் குண்டு என்றதுதான் உறுத்தியது.

நான் அந்தப் புத்தகத்துக்கு மறுப்பு எழுதினேன். பிள்ளை ஊர்ப்பேச்சில் வளர்ந்தது, கேட்டதைத் தன்னுடையதாக நினைக்கிறது என்பது என் கட்சி. அதை நிரூபிக்க, அன்று கண்ணால் பார்த்த நான்கு ஆண்களிடம் வாக்குமூலம் வாங்கி ஒரு நோட்டில் எழுதினேன். பெயர் எழுதவில்லை. அ, ஆ, இ, ஈ. உண்மையாக எடுத்ததுதான் என்று காட்ட, ஒவ்வொன்றின் கீழும் இடது பெருவிரல் ரேகை.

தண்ணீர் விஷயம் மட்டும் நால்வருக்கும் தெரியாது. அவர்கள் அதற்குள் ஓடிவிட்டார்கள். பேச்சி சொன்னது, சொன்னபடியே: "தண்ணி தண்ணின்னேன். ஒரு போலீசுக்காரரு கண்மாய்ல ரெண்டு கையிலயும் மோந்தாந்தாரு. கை வெடவெடன்னு ஆடுச்சு. வாயில பாதி, மூஞ்சில பாதி."

எழுதியும் தெளியவில்லை.

அக்டோபர் 18, வெள்ளி

காலைத் தபாலில் அச்சகத்துக் கார்டு. இரண்டே வரி. போலீஸ் வந்து ப்ரூஃபை எடுத்துப்போயிற்று. இனி இந்த வேலை வேண்டாம்.

மதியம் இன்ஸ்பெக்டரே பள்ளிக்கு வந்தார். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், மிகவும் மரியாதை. பின்னால் ஏட்டு, நரைத்த மீசை, கையில் என் ப்ரூஃப். நாற்காலி போட்டும் ஏட்டு உட்காரவில்லை.

இன்ஸ்.: "நல்ல புத்தகம், அம்மா. அந்தப் பெண் சொல்வது பொய் என்று படித்தவர் ஒருவர் எழுதியிருப்பது சர்க்காருக்குச் சந்தோஷம்."

"பொய் என்று எழுதவில்லை. காதில் விழுந்ததைச் சொல்கிறாள் என்று எழுதியிருக்கிறேன்."

"யார் சொல்லிக் காதில் விழுந்தது?"

அந்த இடத்தில்தான் எனக்கு உறைத்தது. பிள்ளை ரொம்பச் சரியாகக் கேட்டிருக்கிறாள் என்பதுதான் என் புத்தகம் முழுவதும். எட்டு வருடமாக யாரும் செய்யாததைச் செய்திருக்கிறேன். சர்க்கார் அறிக்கைக்கு எதிராக நான்கு சாட்சிகளை ஒன்றுசேர்த்து, பக்க எண் போட்டு அச்சுக்குக் கொடுத்திருக்கிறேன்.

பெயர் தருவதில்லை என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்றேன்.

"பெயர் எதற்கு? நோட்டு போதும்."

புரியாமல் நின்றேன். ஏட்டுதான் மெதுவாகச் சொன்னார், தரையைப் பார்த்துக்கொண்டு: "ரேகை இருக்குல்லம்மா. அந்த ஊரு ஆம்பளைக அத்தன பேரு ரேகையும் நம்ம ஸ்டேஷன்ல இருக்கு."

எப்படித் தோன்றாமல் போயிற்று. பெயரை மறைத்துவிட்டு, அந்த ஊரில் பெயரைவிட நிச்சயமான ஒன்றை வாங்கி வைத்திருக்கிறேன். அன்று நான் மைப்பெட்டியைத் திறந்ததும் நால்வரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "வாத்தியாரம்மாளுமா?" என்று ஒருவர் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். கூச்சம் என்று நினைத்தேன். பி.ஏ., எல்.டி. படித்தவள்.

நோட்டு தேனியில் ஒரு தோழி வீட்டில் இருக்கிறது என்று பொய் சொன்னேன். இன்ஸ்பெக்டர் சிரித்தார். புதன் காலைக்குள் வரவழைத்து ஸ்டேஷனில் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் பெரிய துரையின் உத்தரவோடு வந்து பள்ளியைப் புரட்டுவார்கள்.

நோட்டு அரிசி டின்னுக்கு அடியில்.

பள்ளி ஆயா ஆமினா கதவுக்குப் பின்னால் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். அவளுக்கு ஏட்டைத் தெரியும். "தாலுகா பூராவும் வெரல மையில உருட்டி ரேகை எடுக்குறவுக அவுகதான். இருவது வருசம். ஏட்டையா கை ஆடி யாரும் பாத்ததில்ல. உருட்டுன ரேகை கல்லுல கொத்துனாப்பல நிக்குமாம்."

"போதும் ஆமினா."

"நான் பேச்ச நிறுத்துனா அவுக கை ஆடிருமா?"

அக்டோபர் 19, சனி

தூக்கமில்லை. நோட்டை எரிப்பது பற்றியே யோசனை. எரித்தால்? 'வாக்குமூலங்கள் ரேகையோடு என்னிடம் உள்ளன, பக்கம் 11 முதல் 14' என்று நானே ப்ரூஃபில் போட்டிருக்கிறேன். அழித்தது தெரிந்தால் எனக்குச் சிறை. அது கிடக்கட்டும். நோட்டு இல்லையென்றால் ஊரையே கூட்டி விசாரிப்பார்கள். நால்வரும் அன்றைய விசாரணையில் 'கிணற்றில் விழுந்தான்' என்று சொல்லவைக்கப்பட்டவர்கள். மாற்றிச் சொன்னது தெரிந்தால் பெண்டு பிள்ளைகளோடு செட்டில்மெண்டு என்ற காவல் முகாமுக்கு அனுப்பிவிடலாம். சட்டத்தில் இடம் இருக்கிறது. போனவர்கள் திரும்பியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

பேச்சியின் தாய் ஒச்சம்மாள் சந்தைக்கு வந்தவள், வழக்கம்போல் எட்டிப்பார்த்தாள். நால்வரில் 'இ' அவள் புருஷன். சொல்லித்தானே ஆகவேண்டும். சொன்னேன். அவள் அழுவாள், என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"அந்த நோட்டக் காமிங்க."

காட்டினேன். எழுத்துத் தெரியாது. பக்கத்தைத் திருப்பித் திருப்பி, பதின்மூன்றில் நின்றாள். "இது எங்க வீட்டு ஆளு. குறுக்க அருவா வெட்டு ஓடுது பாருங்க. அந்த ஏட்டையாவுக்குப் பூதக்கண்ணாடிகூட வேணாம்."

"நான் தெரியாமல் செய்துவிட்டேன், ஒச்சம்மா."

"தெரிஞ்சவுக செஞ்சதே எம்புட்டோ இருக்கு." கூடையிலிருந்த அவரைக்காயைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டாள். "வாத்தியாரம்மா, பொம்பளைக்கும் வெரலுல ரேகை உண்டா?"

"எல்லோருக்கும் உண்டு."

"எங்க ரேகையும் ஸ்டேஷன்ல இருக்கா?"

"உங்க ஊரில் ஆண்களிடம்தானே எடுத்தார்கள்."

"ஆமா. எங்கள ஆளாவே எண்ணல." எழுந்து கூடையைத் தலையில் வைத்துக்கொண்டாள். "திங்கக்கெழம வாரோம். பள்ளிக்கூடத்துல புள்ளயச் சேத்தா தாயாரு கைநாட்டு வைக்கணும்ல? அந்த மைப்பெட்டிய எடுத்து வைங்க."

அக்டோபர் 20, ஞாயிறு

எதிரே காபிக் கடையில் இரண்டு பேர் காலையிலிருந்து. இந்த ஊர்க்காரர்கள் இல்லை. ஒருவனுடைய செருப்பு போலீஸ் செருப்பு.

ஆற்றில் செந்தண்ணீர். மலை தெரியவில்லை.

நாள் முழுதும் அரிசி டின்னை நான்கு முறை பார்த்தேன். ஆமினா: "அரிசி எங்கனயும் போகாது."

அக்டோபர் 21, திங்கள்

பதினொரு பேர் வந்தார்கள், பெண் குழந்தைகளோடு, ஈரச் சேலையோடு. காபிக் கடை இரண்டு பேரும் எழுந்து நின்று பார்த்தார்கள். ஒரு கிழவி அவர்களைப் பார்த்துச் சத்தமாக: "என்ன மாப்ள, ஒனக்கும் பள்ளிக்கூடம் வேணுமா? பாவாட கட்டிட்டு வா." அவன் உட்கார்ந்துவிட்டான்.

சேர்க்கைப் பதிவேட்டைத் திறந்தேன். ஒவ்வொரு குழந்தையின் பெயர், வயது, தாயின் கைநாட்டு. எல்லாம் முறைப்படி. கையில் மை இருப்பதற்கு இனிக் காரணம் உண்டு.

அப்புறம் அந்த நோட்டு. வெறும் ரேகையை வாங்க எனக்கு மனம் வரவில்லை. தெரிந்ததைச் சொல்லுங்கள், இதிலேயே பெயரில்லாமல் எழுதிக்கொள்கிறேன் என்றேன். பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் அவர்கள் சொன்னார்கள். விருமனின் உடம்பைக் குளிப்பாட்டிய பெண்கள் மூவர் இவர்களில் இருக்கிறார்கள். அவர்களை இதுவரை யாரும் கேட்டதில்லை. நானும் கேட்கவில்லை.

"முதுகுல வெரலு போற ஓட்ட. நெஞ்சுல கை போற ஓட்ட. கெணத்துல விழுந்தவனுக்கு மயிரு நனையாதா? காஞ்சு கெடந்துச்சு. மூஞ்சியும் கழுத்தும் மட்டும் ஈரம்."

பேனா நின்றுவிட்டது. முகம் ஈரம் என்று பேச்சியிடம் யாராவது சொன்னீர்களா? பேச்சி எதிரில்? யோசித்தார்கள். ஒச்சம்மாள்: "சொல்லிருப்போம். சொல்லாமயும் இருந்திருப்போம். எட்டு வருசத்துப் பேச்ச யாரு கண்டா?"

ஈரத்திலிருந்து ஒரு குழந்தை தண்ணீரைக் கற்பித்துக்கொள்ளலாம். நடுங்கிய கையை?

மைப்பெட்டியையும் நோட்டையும் மேசையில் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றேன். எந்த இடத்தில் வைத்தார்கள், நான் பார்க்கவில்லை என்று சொல்லும் வசதிக்காக. கோழைத்தனம் என்று தெரியும். பின்னால் குரல்கள்: "ஏ, தள்ளி வைக்காத. அதும் மேலயே வையி." "இன்னும் அமுக்கு, என்னமோ புருசன் கன்னத்தத் தொடுற மாதிரி." சிரிப்பு. திரும்பியபோது நான்கு பக்கத்திலும் கீழே கறுப்பாக ஒரு கட்டி. அருவாள் வெட்டு தெரியவில்லை.

போகும்போது ஒச்சம்மாள், பேச்சியின் தலையைத் தடவி: "மழ விட்டதும் இவள நெசமாவே படிக்க அனுப்பத்தான் போறேன். சும்மாவா கைநாட்டு வச்சேன்?"

பெண்கள் சொன்னது நோட்டோடு போய்விடும்; அதன் பிரதி இங்கே மட்டும்தான். இந்தக் குறிப்பையும் இனி எங்கே வைப்பது.

அக்டோபர் 22, செவ்வாய்

வேலை: ஓடு மாற்ற ஆள். காய்ச்சலுக்குக் கொய்னா மாத்திரை. உடைந்த சிலேட்டுகளுக்குக் கடிதம். ஆமினாவுக்குச் சம்பளம் முன்கூட்டியே, நான் திரும்பாவிட்டால்.

சொல்லவேண்டியதைச் சொல்லிப் பார்த்தேன். மேலும் சாட்சிகள் வந்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள், பழைய ரேகை இருந்த இடத்திலேயே கைநாட்டு வைத்துவிட்டார்கள். என் குரல் எனக்கே நம்பும்படி இல்லை.

பெண்களைக் கூப்பிட்டு உருட்டினால்? மை கலைந்தாலும் ஏதாவது முறையில் பிரித்துவிட்டால்? மதுரையில் அதற்கென்றே ஆள் இருப்பார்கள்.

நாற்பத்தெட்டு வயதில் முதல் தடவையாக, ஒன்றிடம் வேண்டிக்கொள்ளத் தோன்றியது. எதனிடம் என்று தெரியாததால் விட்டுவிட்டேன்.

அக்டோபர் 23, புதன்

பத்து மணிக்கு ஸ்டேஷன். மழை இல்லை. நோட்டைக் கொடுத்தேன். இன்ஸ்பெக்டர் பதினொன்றாம் பக்கத்தைத் திறந்து, முகம் மாறி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். நான் ஒப்பித்து வைத்திருந்ததைச் சொன்னேன். நடுவில் ஒரு வாக்கியம் மறந்துபோயிற்று. அவர் நோட்டை ஏட்டிடம் நீட்டினார்.

ஏட்டு பூதக்கண்ணாடி வைத்து நான்கு பக்கமும் பார்த்தார். பதின்மூன்றில் அதிக நேரம்.

"ரேகை மேல ரேகைங்கய்யா. அடியில உள்ளதப் பிரிக்க முடியாது."

"மேலே இருப்பது?"

"நம்ம ரேகைப் பதிவுல உள்ள வெரலு இல்ல. அளவு சிறுசு. பொம்பளையாளு."

இன்ஸ்பெக்டர் என் கைகளைப் பார்த்தார். "நீங்களே வைத்து அழித்திருக்கலாம். ஒப்பிட்டுப் பார்க்க உங்கள் ரேகை வேண்டும், அம்மா. பத்து விரலும்." அவர் மதுரைக்குக் கடிதம் எழுதப் பக்கத்து அறைக்குப் போனார். கதவு திறந்தே இருந்தது.

ஏட்டு தகட்டில் மையைப் பரப்பினார். என் வலது பெருவிரலைப் பிடித்தார். "வெரலத் தளர விடுங்கம்மா. நீங்க அமுக்கக் கூடாது. நான் உருட்டிக்கிறேன்." ஆமினா சொன்னது சரி. ஒவ்வொரு கோடும் தனித்தனியாக விழுந்தது. வலது கை முடிந்தது. இடது கையில் நான்கு.

தலை நிமிராமல், உதடு அசையாமல் கேட்டார்: "அந்தப் புள்ள, தண்ணி குடுத்தவன் மொகத்தப் பத்தி எதும் சொல்லுச்சா?"

"இல்லை. கையை மட்டும்தான் சொன்னாள்."

கடைசி விரல், இடது சுண்டுவிரல். ரேகை கலங்கிவிட்டது. துணியால் துடைத்து, மறுபடி மை தடவி, மறுபடி உருட்டினார். அதுவும் கலங்கியது.

நான் விரலை அசைக்கவில்லை.