ஏழாவது சீட்டு

ருவைஸ்,
வெள்ளிக்கிழமை

அன்புள்ள பஞ்சவர்ணத்துக்கு,

உன் மூட்டுவலி இப்போது தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். வரிசையாக எழுதுகிறேன்:

1. என் உடம்புக்கு ஒன்றுமில்லை. கம்பெனி முகாமில் எங்கள் அறையில் இப்போது ஆறு பேர்.
2. ஐரோப்பாவா அமெரிக்காவா, எங்கே ஜனநாயகம் அதிகம் என்ற உன் கேள்வி.
3. நீ அனுப்ப வேண்டியவை.

அமெரிக்காவில் குறைந்த வாக்கு வாங்கியவரும் ஜனாதிபதியாகிவிடலாம். ஐரோப்பாவில் பல நாடுகளில் வாக்கு விகிதப்படி இடம் கிடைக்கிறது. அதனால் ஐரோப்பாதான் மேல் என்று அறையில் சொன்னேன்.

அறையில் கூட இருக்கும் மணிகண்டன் விடவில்லை. "அங்க பிரதமரை ஜனங்களா நேரா தேர்ந்தெடுக்காங்க, அண்ணாச்சி? கட்சிக்காரங்க கதவைச் சாத்திக்கிட்டுல்ல பேசி முடிக்காங்க!"

"எங்கன்னாலும் விழுந்த ஓட்டு ஒண்ணைக்கூடத் தள்ளப்படாது" என்று முடித்தேன்.

அதே சூட்டில் நாங்களும் ஒரு தேர்தல் வைத்தோம். போன மாதம் தூக்கத்திலேயே இறந்துபோன இருளப்பனின் கட்டிலை எடுத்துவிடலாமா என்று சீட்டு எழுதினோம். அது என் கட்டிலுக்கு அடுத்தது. எடுக்கத்தான் நான் எழுதினேன். கதவைப் பூட்டி நானே எண்ணினேன். எடுக்க மூன்று, இருக்க நான்கு. ஆறு பேருக்கு ஏழு சீட்டு. இருக்க என்று விழுந்த அந்த ஏழாவது முக்கோணமாக மடிந்திருந்தது. இருளப்பன் மாத்திரைப் பொட்டலத்தை அப்படித்தான் மடிப்பான்.

அதைத் தள்ளச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கட்டில் அங்கேயே இருக்கிறது. யாரோ விளையாடியிருப்பார்கள், நீ பயப்படாதே. காலையில் அதன் விரிப்பு கசங்கியிருப்பது ஏசிக் காற்றாலாக இருக்கலாம்.

தைலம், விபூதி கொஞ்சம் அதிகமாக, கட்டிலுக்குத் திரை கட்ட உன் பழைய சேலை ஒன்று அனுப்பு. துவைக்க வேண்டாம்.

இதை எடுத்து வரும் ரிபாய் பாய் வாசலில் அவசரப்படுத்துகிறார். முதல் குறிப்பில் ஆறு பேர் என்று எழுதியது பிழை.

உன்
சோலைமுத்து