நீலக் கையால் பரிமாறிய மைனிக்கு

மைனி,

சுண்ணாம்புத் தெளிவில் தேங்காய் எண்ணெயை விட்டு இப்போதுதான் பாட்டிலைக் குலுக்கினேன். மூடியைத் திறந்ததும் உங்கள் கையின் வாசம் அடித்தது. கண் கலங்கிவிட்டது. கலங்கட்டும், எனக்கென்ன வெட்கம்.

எழுபதுகளின் கடைசி அது. அண்ணனைக் கட்டிக்கொண்டு சங்கரன்கோவிலுக்கு வந்த வருஷமே சாயப்பட்டறை வேலைக்குப் போனீர்கள். நீலச் சாயத்தில் நூலை முக்கிப் பிழிந்து அலசி, உள்ளங்கையெல்லாம் வெடித்துக் கிடக்கும். எதிர்வீட்டு வளைகாப்பில் பந்தி பரிமாறப் போனபோது அந்த வீட்டு அத்தை கரண்டியைப் பிடுங்கினாள். “தள்ளி நில்லு தாயி. இந்தக் கையால போட்டா யாரு திம்பா? தொத்து வியாதில்லா இது!” அதோடு தெருவில் எந்த விசேஷத்திலும் உங்களைப் பந்திப் பக்கம் விடவில்லை. கோயில் புற்றுமண்ணைப் பூசச் சொன்னார்கள். “சாமி மண்ணு, பூசுதேன். ஆனா தொத்து வியாதின்னு ஒத்துக்கிட்டுப் பூச மாட்டேன்” என்றீர்கள்.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. ஆஸ்பத்திரி கம்பவுண்டர் ஒருவரிடம் பக்குவம் கேட்டு வந்தேன். சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்துத் தெளியவிட்டு, மேல் நீரை மட்டும் இறுத்து, அதே அளவு எண்ணெய் விட்டுக் குலுக்க வேண்டும். எனக்கு எங்கே பொறுமை? தெளியும் முன்பே இறுத்தேன். வெடிப்பில் பட்டதும் துள்ளிவிட்டீர்கள். “ஏட்டி, வெத்தலைக்குத் தடவுத மாதிரில்லா தடவிட்ட!”

மறுமுறை வெண்ணெயாகத் திரண்டு வந்தது. அத்தோடு விட்டேனா? வாசத்துக்கென்று பக்கத்துப் புளியங்குடி எலுமிச்சையில் அரை மூடி பிழிந்தேன். எதற்கெடுத்தாலும் எலுமிச்சை பிழிகிற வட்டாரத்துக்காரி அல்லவா! எண்ணெய் தனி, தண்ணீர் தனியாகப் பிரிந்துவிட்டது. நீங்கள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! மூன்றாவது பாட்டில்தான் கேட்டது. வெடிப்பு மூடியது. நீலம் மட்டும் போகவில்லை, நீங்கள்தான் தினமும் பட்டறைக்குப் போனீர்களே.

பிறகு நம் வீட்டுக் காதுகுத்து வந்தது. “மைனி, இன்னைக்கு நான் பரிமாறுதேன், நீங்க உள்ள இருங்க” என்று கெஞ்சினேன். “மருந்து வலிக்குத்தான போட்ட? ஒளிஞ்சுக்கிடவா போட்ட?” என்று சாம்பார் வாளியைத் தூக்கினீர்கள். முதல் வரிசையிலேயே அந்த அத்தை. இலையின் மேல் கையை விரித்தாள். “இன்னும் நீலமாத்தான இருக்கு?”

“புண்ணு ஆறிட்டு அத்தே. நீலம் நான் உழைச்ச நீலம், அது போவாது. சாம்பார் ஊத்தவா, இலைய எடுக்கவா?”

அத்தை கையை எடுத்தாள். பிறகு அவளே இரண்டாம் தடவை சாம்பார் கேட்டாள், அது வேறு விஷயம்.

நீங்கள் போய்ச் சேர்ந்த பிறகும் கை வெடித்த பெண்கள் என்னிடம் வருகிறார்கள். “கை வெளுக்குமாக்கா?” என்பார்கள். “வெளுக்கதுக்கு வேற கடை இருக்கு, இது வலிக்கு” என்று சொல்லிவிடுவேன். கோபக்காரி என்கிறார்கள். ஆமாம், கோபக்காரிதான். உங்களிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான்.

போன வாரம் சிமெண்டு வேலைக்குப் போகிற ஒருத்தி வந்தாள். கல்யாண வீட்டில் தன்னைப் பரிமாற விடவில்லை என்று அழுதாள். சோற்றுத் தட்டை அவள் முன்னால் வைத்தேன். “மருந்து பொறவு தாரேன். முதல்ல அந்தக் கையால பெசஞ்சு எனக்கு ஒரு வாய் ஊட்டு” என்றேன்.

ஊட்டினாள், மைனி.