அண்ணனின் வயது

தம்போய்,
3 நவம்பர் 2024

அன்புள்ள அம்மாவுக்கு,

அட்ரியன் எழுதுகிறேன். நலமா என்று கேட்கும் நிலையில் நான் இல்லை, இருந்தாலும் கேட்கிறேன். ஆபரேஷன் செய்த முட்டி எப்படி இருக்கிறது?

நேற்றிலிருந்து போன் அடித்து அடித்து ஓய்ந்துவிட்டேன். ஒரே ஒரு தடவை எடுத்தீர்கள். "அது வேற யாரோ லா, நீ பேசாம வீட்டுக்குப் போ" என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். அதற்குப் பிறகு மணி மட்டும்தான் அடிக்கிறது. அதனால்தான், பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு முதல் முறையாகப் பேனா பிடித்திருக்கிறேன். எழுத்து கோணல்மாணலாக இருக்கும். என் எழுத்து அப்படித்தான் இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாதா என்ன?

கல்லறைத் திருநாளுக்கு நீங்கள் இல்லாமல் நாங்கள் மூன்று பேர்தான் நம் பழைய ரப்பர் தோட்டம் இருக்கும் சாஆவுக்குப் போனோம். நான், உங்கள் செல்ல மருமகள் வலேரி, உங்கள் பேத்தி ஷர்மைன். தோட்டத்துக் கல்லறையில் இந்த முறை புல் வெட்டியவர்கள் எல்லாவற்றையும் ஒரேயடியாக வழித்துப் போட்டிருந்தார்கள். அப்பாவின் கல்லறைக்குப் பக்கத்தில் நீங்கள் வளர்த்த குரோட்டன்ஸ் புதரும் போய்விட்டது. "அதுக்கிட்ட போகாத, பாம்பு இருக்கும்" என்று சின்ன வயதிலிருந்து என்னைப் பயமுறுத்துவீர்களே, அந்தப் புதர். பாம்பு இல்லை அம்மா. உள்ளே ஒரு சின்னச் சிமெண்டுச் சிலுவை இருந்தது.

அதை முதலில் பார்த்தது ஷர்மைன். எழுத்து எங்கே இருந்தாலும் அதைச் சத்தம் போட்டு வாசிக்காமல் அவளால் இருக்க முடியாது. "செ. அட்ரியன். பிறப்பு 14.3.1980" என்று வாசித்தாள். என் பெயர். அப்பா செபஸ்தியனின் முதலெழுத்து. என் பிறந்தநாள். அடுத்த வரியில் இறப்பு என்று போட்டு, அதே வருஷம் டிசம்பர் மாதம் எழுதியிருந்தது. அவள் அதையும் வாசித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்பா, நீங்க செத்துட்டீங்களா?"

கையில் இருந்த மெழுகுவர்த்திகளை எல்லாம் கீழே போட்டுவிட்டேன். திரும்பி வரும்போது வலேரிதான் கார் ஓட்டினாள்.

அது யார் அம்மா? அது அட்ரியன் என்றால் நான் யார்?

உங்கள் மகன்,
அட்ரியன்

* * *

சிகாமட்,
10 நவம்பர் 2024

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. ஆண்டவர் உங்கள் மூன்று பேரையும் காப்பாராக. முட்டி பரவாயில்லை, நடக்கிறேன். தபால்காரர் உன் கடிதத்தை நீட்டி, "இந்தக் காலத்துல யாரும்மா லெட்டர் போடுறது?" என்று கேட்டார். என் மகன் என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன். உள்ளே வந்து பிரித்த பிறகுதான் நாற்காலி தேட வேண்டியதாயிற்று.

அந்தப் புதரை வெட்டச் சொன்னது யார்? அவன் கையை உடைக்க வேண்டும்.

சரி, கேட்டுவிட்டாய். சொல்லிவிடுகிறேன். அது உன் அண்ணன். எங்களுக்கு முதலில் பிறந்தவன். அவன் பெயர் அட்ரியன். ஒன்பது மாதத்துப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து இழுப்பு வந்துவிட்டது. அப்போது ஊரெல்லாம் வெள்ளம். உன் அப்பாதான் தோட்டத்து லாரியில் எங்களை ஏற்றிக்கொண்டு சிகாமட் பெரியாஸ்பத்திரிக்குக் கிளம்பினார். பாதி வழியில் சாலையைத் தண்ணீர் மூடியிருந்தது. போகலாமா வேண்டாமா என்று பார்த்துவிட்டு லாரியைத் திருப்பினார். வீடு வந்து சேருமுன் பிள்ளை என் மடியிலேயே செத்துப்போனான்.

சாவைப் பதியப் போக வேண்டும் என்று எல்லாரும் சொன்னார்கள். உன் அப்பா போகவில்லை. லாரியைத் திருப்பிய கையால் எப்படிக் கையெழுத்துப் போடுவார்? அடுத்த அக்டோபரில் நீ பிறந்தாய். உன்னைக் கையில் வாங்கியவர், "அட்ரியன் திரும்பி வந்துட்டான்" என்றார். தோட்டத்து ஆபீஸ் கிராணி பிறப்பைப் பதியச் சொன்னபோது, "எம் மகனுக்கு ஏற்கனவே சூராட் இருக்கு" என்று பழைய பிறப்புப் பத்திரத்தை எடுத்துக் காட்டிவிட்டு வந்துவிட்டார். அன்றிலிருந்து நீதான் அட்ரியன். பெரியவனை அடக்கம் செய்தபோது தோட்டத்து ஆட்கள் நட்ட சிலுவை உன் அப்பா கண்ணிலோ உன் கண்ணிலோ படக் கூடாதென்று நான்தான் அதைச் சுற்றிக் குரோட்டன்ஸ் வைத்தேன்.

இவ்வளவுதான் விஷயம். தோட்டத்தில் அப்போது வயதை யார் பார்த்தார்கள்? ஒன்றரை வயதுதான் வித்தியாசம். அது ஒரு பெரிய வித்தியாசமா? நீ மார்ச்சில் ஒரு கேக் வெட்டுகிறாய், அக்டோபரிலும் ஒன்று வெட்டிக்கொள். ஷர்மைனுக்குக் கொண்டாட்டமாக இருக்கும்.

இதற்குப் போய் மனதைக் குழப்பிக்கொள்ளாதே. கிறிஸ்துமஸுக்கு முறுக்குச் சுட ஆள் சொல்லி வைத்திருக்கிறேன். ஷர்மைனுக்கு இருமல் விட்டதா?

அம்மா

* * *

தம்போய்,
17 நவம்பர் 2024

அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தை வலேரிதான் முழுதாகப் படித்தாள். என்னால் பாதிக்கு மேல் போக முடியவில்லை. பிறப்புப் பத்திரம் அண்ணனுடையது, ஞானஸ்நானப் பத்திரமும் அண்ணனுடையது. "அப்போ மாதா கோயில்ல எனக்கு யார்கூட கல்யாணம் ஆச்சு?" என்று கேட்டாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள், அப்புறம் அழுதுவிட்டாள். எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வருகிறது.

ஒன்றரை வயது பெரிய வித்தியாசமா என்று கேட்கிறீர்கள். நாற்பத்து நான்குக்கும் நாற்பத்து மூன்றுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. முதலாம் ஆண்டு வகுப்பில் இருக்கிறது அம்மா. மற்ற பிள்ளைகளுக்கு ஏழு வயது ஆகப்போகிறது. எனக்கு அப்போதுதான் ஐந்து முடிந்திருந்தது. பெஞ்சில் உட்கார்ந்தால் கால் தரையில் படாது. பென்சில் விரலில் நிற்காது. வகுப்பிலேயே கால்சட்டையை நனைத்தேன். அன்றைக்கு வாங்கிய பெயர் பள்ளிக்கூடம் முடியும்வரை போகவில்லை.

இடைநிலைப் பள்ளியில் படிவம் இரண்டு படிக்கும்போது எல்லாப் பையன்களுக்கும் குரல் உடைந்துவிட்டது. நான் மட்டும் கோயில் பாடல் குழுவில் பெண்கள் பக்கம் நின்று பாடினேன். ஓட்டத்தில் கடைசி, கணக்கில் கடைசி. அப்பா பெல்ட்டை எடுப்பார். நீங்கள், தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையில் உங்களோடு வேலை செய்த அங்கம்மா அக்காவிடம், "இவனுக்கு மண்டையில ஏறாது" என்று சொல்வீர்கள். நான் பக்கத்தில்தான் நிற்பேன்.

ஷர்மைன் பள்ளியில் ஆலோசகராக இருக்கும் கமலநாதன் சாரிடம், யாருக்கோ நடந்தது போல இதைக் கேட்டேன். "அந்த வயசுல விரல் எலும்பே இன்னும் சரியா கூடியிருக்காது. மட்டம் மட்டம்னு சொன்னா புள்ள அதை நம்பிடும். ஆளு வளர்ந்துடுவான், அந்த நம்பிக்கை மட்டும் உள்ளேயே கிடக்கும். பாவம் லா அந்தப் பையன்" என்றார். அந்தப் பையன் அவர் எதிரில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தான்.

போன வருஷம் எங்கள் வர்க்‌ஷாப் முதலாளி தவுக்கே இரண்டாவது கடை திறந்து, அதை நீயே பார்த்துக்கொள் என்று என்னிடம் கொடுத்தார். வேண்டாம் என்றேன். வலேரி ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. எனக்கு மண்டையில் ஏறாது என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

அப்பாவை நான் விட்டுவிடுகிறேன். அவர் லாரி ஓட்டியவர், பிள்ளை வளர்ப்பது அவருக்குத் தெரியாது. நீங்கள் அப்படி இல்லையே. தோட்டத்துப் பிள்ளைகள் எல்லாம் உங்கள் கொட்டகையில் வளர்ந்தவர்கள்தான். எந்தப் பிள்ளை எப்போது கவிழும், எப்போது பேசும் என்று பெற்றவர்களே உங்களிடம் வந்து கேட்பார்கள். உங்களுக்குத் தெரியாமலா இருந்தது? என்னை வளர்த்த இத்தனை வருஷத்தில் நீங்கள் யாரைப் பார்த்தீர்கள், என்னையா அவனையா?

இதற்குப் பதில் தெரியாமல் நான் சிகாமட் வர மாட்டேன். கிறிஸ்துமஸுக்கும் வர மாட்டேன். முறுக்குக்காரியை நிறுத்திவிடுங்கள்.

அட்ரியன் (வேறு என்ன போடுவது என்று தெரியவில்லை)

* * *

சிகாமட்,
25 நவம்பர் 2024

அன்பு மகனுக்கு,

நான் அங்கம்மாவிடம் சொன்னது உன் காதில் விழுந்தது என்று எனக்கு இன்றுதான் தெரியும். உன் கடிதத்தைப் படித்துவிட்டுப் படுத்தவள் சாயங்காலம்தான் எழுந்தேன்.

முதலில் மருமகளுக்குச் சொல். நீ பிறந்த மூன்றாம் நாள், வீட்டில் யாரும் இல்லாத நேரம், நானே உன் தலையில் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்தேன். உயிருக்கு ஆபத்து என்றால் யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம். உனக்கு ஓர் ஆபத்தும் இல்லை, நல்ல கல் மாதிரி இருந்தாய். எனக்குத்தான் பயம். அவள் கல்யாணம் செய்துகொண்டது ஞானஸ்நானம் வாங்கிய ஒருவனைத்தான், கவலைப்பட வேண்டாம்.

இனி நீ கேட்டது. உன்னைத்தான் பார்த்தேன் என்று எழுதிவிட்டால் நீ கிறிஸ்துமஸுக்கு வந்துவிடுவாய். ஆனால் அது பொய். நான் அவனைத்தான் பார்த்தேன். அவன் சட்டையை உனக்குப் போட்டேன். அவன் எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பானோ அந்தப் பக்கம் உன்னைத் திருப்பிப் படுக்க வைத்தேன். நீயும் அவன் செய்ததையெல்லாம் செய்தாய். கவிழ்ந்தாய், தவழ்ந்தாய், அவனைப் போலவே தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாய். அவன் திரும்பி வந்துவிட்டான் என்று உன் அப்பா சொன்னதை நான் ஒப்புக்குக் கேட்டுக்கொண்டேன் என்று நினைக்காதே. நான் நம்பினேன்.

ஒரு நாள் காலை, கொட்டகையில் பால் கலக்கிக்கொண்டிருந்தேன். "பேட்ரிசியா, ஒம் மவன பாரு!" என்று அங்கம்மா கத்தினாள். திரும்பினால் நீ தூணை விட்டுவிட்டு நடந்து வருகிறாய். என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வருகிறாய். எல்லாரும் கை தட்டுகிறார்கள். என் பிள்ளை நடந்ததே இல்லையே. ஒன்பது மாதத்தில் தூணைப் பிடித்து நின்றவன், அதோடு போய்விட்டானே. இது யார் பிள்ளை என்று நினைத்தேன். அப்படியே பாலைப் போட்டுவிட்டு வெளியே ஓடிவிட்டேன். பெற்ற பிள்ளை முதல் அடி எடுத்து வைத்ததைப் பார்த்துப் பயந்து ஓடிய தாய் இந்த ஜொகூரில் நான் ஒருத்திதான் இருப்பேன்.

ரப்பர் மரத்தடியில் உட்கார்ந்து அழுதேன். மூத்தவனுக்காக நான் அழுதது அன்றுதான். செத்த அன்றுகூட அழவில்லை. அழ அழத்தான் எனக்கு இரண்டு பிள்ளைகள் என்று புரிந்தது. அதற்குப் பிறகு உன்னைத்தான் பார்த்தேன். இதை நீ நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி.

பள்ளிக்கூடத்துக்கு ஏன் அனுப்பினேன் என்று கேட்பாய். வயது போதாது என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அதைச் சொல்ல வேண்டுமென்றால், மூத்தவன் செத்துப்போனான் என்று உன் அப்பா முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அந்த மனிதர் அதைக் கேட்டு உயிரோடு இருந்திருக்க மாட்டார். நீ எப்படியும் தாங்கிக்கொள்வாய், அவர் தாங்க மாட்டார் என்று நினைத்தேன். நீ தாங்கிக்கொண்டாய். எதைக் கொடுத்துத் தாங்கினாய் என்று உன் கடிதத்தைப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். நெஞ்சு வலிக்கிறது, மகனே.

வா என்று கூப்பிட எனக்கு வாய் இல்லை. முறுக்குக்காரியை நிறுத்திவிட்டேன்.

அம்மா

* * *

தம்போய்,
3 டிசம்பர் 2024

அம்மா,

கடிதம் கிடைத்தது. வர்க்‌ஷாப்பில் ஒரு காருக்கு அடியில் படுத்துக்கொண்டு படித்தேன். நீங்கள் அவனைத்தான் பார்த்தேன் என்று எழுதிய இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். வெளியே வர ரொம்ப நேரம் ஆயிற்று. தவுக்கே வந்து காலைத் தட்டிப் பார்த்தார்.

ஒன்றே ஒன்றுதான் கேட்க வேண்டும். அதை எழுதாமல் எனக்குத் தூக்கம் வரவில்லை. நீங்கள் வெளியே ஓடிவிட்டீர்கள், சரி. நான் நடந்து வந்துகொண்டிருந்தேனே, அப்புறம் நான் என்ன ஆனேன்? என்னை யார் தூக்கினார்கள்?

அட்ரியன்

* * *

சிகாமட்,
9 டிசம்பர் 2024

அன்பு மகனுக்கு,

யாரும் தூக்கவில்லை. அங்கம்மா தூக்க வந்தாளாம், நீ அவள் கையைத் தட்டிவிட்டாயாம்.

நான் மரத்தடியில் முகத்தை மூடிக்கொண்டு அழுதுகொண்டிருந்தேன். என் சேலையை யாரோ இழுத்தார்கள். பார்த்தால் நீ. கொட்டகையை விட்டு, வெயிலில், அவ்வளவு பெரிய வாசலைத் தாண்டி வந்திருக்கிறாய். முழங்கால் இரண்டிலும் மண். விழுந்து எழுந்து, விழுந்து எழுந்து வந்திருப்பாய்.

ஆயாவாக இருந்து எத்தனையோ பிள்ளைகளைப் பார்த்தவள் சொல்கிறேன், எழுதி வைத்துக்கொள். உனக்கு அப்போது பதினோரு மாதம். அந்தக் கொட்டகையில் வேறு எந்தப் பிள்ளையும் அவ்வளவு சீக்கிரம் நடந்ததில்லை. நீ எதிலும் பிந்திய பிள்ளை இல்லை, நாங்கள்தான் உன்னைத் தப்பான இடத்தில் நிறுத்தி வைத்தோம்.

நீ கேட்டதற்கு இதுதான் பதில். நான் உன்னைப் பார்த்துப் பயந்து ஓடினேன். நீ என்னைத் தேடிக்கொண்டு நடந்து வந்தாய்.

உன் அம்மா